கிட் துப்பாக்கியில் பெயர் பொறிக்கலாமா? பொறிக்கணும்!

முதலிலேயே டிஸ்கி: இது துப்பாக்கி பற்றிய பதிவு. ஆனால் சுடுவது பற்றி அல்ல, அரம் தேய்ப்பது பற்றி. ஊரில் இருந்து படிக்கும் மெக்கானிக்கல் சிங்கங்கள் யாரும் "நாமும் ஒண்ணு பண்ணலாமே மச்சி" என்று கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தாலும் வைத்திருந்தாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான். அமெரிக்காவில் 1968-ம் வருட மத்தியச் சட்டம் இந்த ரகப் பழங்காலத் துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் மற்ற துப்பாக்கிகளோடு சேர்த்துக் கணக்கு வைப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பது வேறு கதை. இந்தக் கதையில் நான் செய்தது விளக்குப் பிடித்தது, மரத்தூள் பெருக்கியது, ஒரே ஒரு இடத்தில் உளியை வழுக்கவிட்டுத் திட்டு வாங்கியது. அவ்வளவே.

இனி விஷயம்.

நான் படிக்க வந்து குடியிருப்பது பென்சில்வேனியாவில், ஒரு ரிட்டயர்டு மெஷினிஸ்ட் வீட்டு மாடியில். நாற்பது வருடம் லேத் ஓட்டிய கை. போன அக்டோபரில் அவருக்கு ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு கென்டக்கி ரைஃபிளின் உதிரிகள். குழல், பாதி செதுக்கிய மேப்பிள் கட்டை, லாக், விசை, பித்தளை வார்ப்புகள், ஒரு பொட்டலம் திருகாணி. எல்லாவற்றையும் சேர்த்தால் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய துப்பாக்கி ஒன்றின் நகல் கிடைக்கும். இதைத்தான் கிட் என்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: இது தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுக்கு மருந்து கெட்டிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவின துணித்துண்டில் ஈயக் குண்டைச் சுற்றி, நீளக் கோலால் அடிவரை தள்ளணும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் ஓர் இரும்புத் தகட்டில் உரசித் தீப்பொறி பறக்கும். கீழே சின்னக் கிண்ணத்தில் இருக்கிற மருந்து பற்றி, குழலின் பக்கவாட்டுத் துளை வழியாக நெருப்பு உள்ளே போகும். அப்புறம்தான் டமார். கல், தகடு, கிண்ணம் எல்லாம் சேர்ந்த பொறியமைப்புக்குப் பெயர் லாக். கைப்பிடியிலிருந்து முனைவரை ஓடுகிற மரம் ஸ்டாக். குழல் பேரல். லாக், ஸ்டாக் அண்ட் பேரல் என்று ஆங்கிலத்தில் "மொத்தமாக" என்பதற்குச் சொல்வது இந்த மூன்றையும் வைத்துத்தான்.

அக்டோபரில் ஆரம்பித்தது மார்ச் வரை போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேஸ்மென்டில். இப்போது அந்தத் துப்பாக்கி முடிந்து சுவரில் தொங்குகிறது. ஆனால் குழலின் மேல் பட்டையில், செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அதுதான் என் கோபம். அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஏப்ரலில் பக்கத்து ஊரில் இந்தப் பழைய துப்பாக்கிப் பிரியர்களின் கூட்டம் ஒன்று. கிழவர் ரைஃபிளைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மேசையில் இருந்த மனிதர் கையில் வாங்கினார், புரட்டினார், லாக்கைப் பார்த்தார். "கிட்டா?" என்றார். ஆமாம். "ஓ, அப்போ நீங்க செய்யலை, பூட்டியிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீடு திரும்புகிற வரை எங்கள் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. மறுநாள், பெயர் பொறிக்க வாங்கி வைத்திருந்த செதுக்கு ஊசியை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

"செய்யலை, பூட்டியிருக்கீங்க." இதை ஒரு வாரம் மென்றேன். பிறகு நூலகத்துக்குப் போய் ஒரு மாதம் படித்தேன். படித்த பிறகு எரிச்சல் இரண்டு மடங்கு. ஏனென்றால் அந்த மனிதர் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்பதைவிட, தப்பாகப் பேசினார்.

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கத்தில், ஜெர்மன் பேசும் குடியேறிகள் 18-ம் நூற்றாண்டில் உருவாக்கியது இந்த நீண்ட ரைஃபிள். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த குட்டையான வேட்டை ரைஃபிளை இங்கே நீட்டி, மெலிய வைத்து, குழல் 42 முதல் 46 அங்குலம் வரை கொண்டுபோனார்கள். கென்டக்கி ரைஃபிள் என்ற பெயர் பின்னால் வந்தது. 1815-ல் நியூ ஆர்லியன்ஸ் சண்டை முடிந்து, கென்டக்கி வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து ஒரு பாட்டு பிரபலமாகி, செய்தவன் ஊரை விட்டுவிட்டுத் தூக்கியவன் ஊர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1924-ல் ஜான் டில்லின் என்பவர் தன் புத்தகத்துக்கே "தி கென்டக்கி ரைஃபிள்" என்று தலைப்பு வைத்தார். 1950-களின் நடுவில் டிஸ்னியின் டேவி கிராக்கெட் தொடர் வந்து, பொடியன்கள் எல்லாம் ரக்கூன் தொப்பி போட்டு அலைந்தார்கள். காட்டோரத்தில் தனியாக ஒரு கொல்லன், இரும்பை அடித்துக் குழல், பித்தளையை உருக்கிப் பட்டை, மரத்தை வெட்டிக் கட்டை, எல்லாம் ஒரே கையால் என்று நம் மனதில் ஓடும் படம் இப்படிப்பட்ட காலத்தில் கெட்டிப்பட்டதுதான்.

நிஜம் என்ன? அந்தக் கொல்லர்களில் பலர் லாக்கைக் கடையில் வாங்கினார்கள். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலில் வந்த லாக்குகள். பர்மிங்ஹாமின் கெட்லண்ட் குடும்பத்து லாக்குகள் 19-ம் நூற்றாண்டின் தொடக்க கால ரைஃபிள்களில் சர்வ சாதாரணம். லாக் தகட்டில் கெட்லண்ட் என்று இருக்கும், குழலில் பென்சில்வேனியாக்காரர் ஒருவர் பெயர் இருக்கும். குழலாவது சொந்தமா? ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் வையோமிஸிங் என்று ஓர் ஓடை. அதன் கரையில் தண்ணீர்ச் சக்கரம் வைத்துக் குழல் துளைப்பதையே தொழிலாகச் செய்த ஆலைகள் இருந்தன. சுற்றுவட்டாரத் துப்பாக்கிக்காரர்கள் அங்கே குழல் வாங்கினார்கள். பின்னால் பெரிய கம்பெனியாக எல்லாரும் அறிந்த ரெமிங்டன்கூட, நியூயார்க் மாநிலத்தில் மற்ற துப்பாக்கிக்காரர்களுக்குக் குழல் விற்று வளர்ந்த கடைதான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னும் வேடிக்கை. பிரிட்டிஷ் ராணுவத்தின் புகழ்பெற்ற பிரவுன் பெஸ். உலகத்தின் பாதியைப் பிடிக்க அவர்கள் தூக்கிக்கொண்டு போன துப்பாக்கி. (இது ரைஃபிள் இல்லை, குழலுக்குள் புரி கிடையாது. ஆனால் இதற்கும் வாய் வழியாகத்தான் மருந்து.) 18-ம் நூற்றாண்டில் அவர்களுடைய ஆயுத வாரியம் லாக்கை ஒருவரிடம், குழலை இன்னொருவரிடம், பித்தளையை வேறொருவரிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கும். நிறைய பர்மிங்ஹாமில் செய்தது. அதையெல்லாம் கிடங்கில் அடுக்கி வைத்து, தேவைப்படும்போது எடுத்து, கட்டை போட்டுச் சேர்க்கிற ஆசாரிகளிடம் கொடுக்கும். சாமான் ஒரு பக்கம், சேர்ப்பவர் ஒரு பக்கம். ஐயா, இதற்குப் பெயர் என்ன? அட்டைப்பெட்டி மட்டும்தான் பாக்கி.

ஆக, நீங்கள் கும்பிடுகிற பழைய துப்பாக்கியும் பூட்டினதுதான். லாக் வாங்கினவர், குழல் வாங்கினவர், ஆனாலும் மேல் பட்டையில் தன் பெயரை வெட்டினார். லான்காஸ்டரின் ஜேக்கப் டிக்கர்ட் வெட்டினார். கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் மொரேவியப் பட்டறையின் கிறிஸ்டியன் அர்ட்டர், பெயரோடு வருடமும் சேர்த்து வெட்டினார். அவர்கள் ஒவ்வொரு லாக்கையும் எங்கே வாங்கினார்கள் என்று எனக்குச் சண்டை இல்லை. பெயர் என்பது "இதில் உள்ள ஒவ்வொரு திருகாணியும் நான் அடித்தது" என்ற சத்தியம் அந்தத் தொழிலில் இருந்ததே இல்லை என்கிறேன். தஞ்சாவூர் வீணை செய்கிறவர் தந்திக் கம்பியைத் தானா இழுக்கிறார்? அவரிடம் போய் "நீங்க வீணை செய்யலை" என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்படியானால் பெயர் எதற்குச் சாட்சி? கட்டைக்கும் பொருத்தத்துக்கும். அங்கேதான் இந்த ஆறு மாதம் எனக்குக் கண் திறந்தது.

மரத்துக்குள் லாக்கை உட்கார வைப்பது என்றால் குழி தோண்டி அமுக்குவது என்று நினைத்தேன். கிழவர் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித் திரியை உயர்த்தினார். லாக்கின் பின்புறத்தைப் புகையில் காட்டிக் கரி படிய வைத்தார். கட்டையில் அமுக்கி எடுத்தார். மரத்தில் கரி ஒட்டின இடம் மேடு. அதை மட்டும் கத்தி முனையால் சுரண்டினார். மறுபடி புகை, மறுபடி அமுக்கல், மறுபடி சுரண்டல். நானூறு தடவையாவது இருக்கும், சத்தியமாக எண்ணவில்லை. ஃபிட்டிங் லேபில் நீலச் சாயம் தடவி மேடு பார்ப்போமே, அதே தத்துவம். கடைசியில் லாக்குக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

குழலின் பக்கத்துளை லாக்கின் கிண்ணத்துக்கு நேராக வரணும். கொஞ்சம் தள்ளிப்போனால், கிண்ணத்தில் தீ பற்றும், குழலுக்குள் போகாது. வெறும் புகை. துளை போட்ட பிறகு "அன்டூ" கிடையாது. அந்தச் சனிக்கிழமை அவர் காபிகூடக் குடிக்கவில்லை. இன்னொரு கொடுமை, தோளில் படுகிற பித்தளைத் தகடு. உள்வளைவாக இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் மரத்தோடு ஒட்டணும். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் இடைவெளி. மூன்று சனிக்கிழமை போனது. நான் உளியை வழுக்கவிட்டதும் அங்கேதான். பெயர்ந்த சில்லைத் தரையில் தேடி எடுத்து, பசை போட்டு ஒட்டி, "பழைய துப்பாக்கியிலும் இப்படி ஒட்டு இருக்கும், கவலைப்படாதே" என்றார். திட்டியதற்கு அப்புறம்தான் இந்த ஆறுதல்.

அதற்கெல்லாம் மேலே, கட்டையை இளைக்க வைப்பது. பெட்டியில் வருகிற கட்டை குண்டாக இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், துப்பாக்கி உலக்கை மாதிரி இருக்கும். பழைய ரைஃபிளின் அழகே அதன் மெலிவுதான். எங்கே நிறுத்துவது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. இவர் ஒரு அருங்காட்சியகத்தில் பார்த்த ரைஃபிளின் படத்தைச் சுவரில் ஒட்டி, கண்ணை மூடிக் கட்டையைத் தடவித் தடவி அரம் போட்டார்.

சாயம் போட்ட அன்று நான் வகுப்புக்கு மட்டம். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலக் கரைசலை மரத்தில் பூசினார். கட்டை ஒரு மாதிரி பாசிப் பச்சையாகப் போய்விட்டது. ஆறு மாத வேலை பாழ் என்று எனக்கு வயிறு கலங்கியது. பிறகு சூட்டுக் காற்றைக் காட்டிக்கொண்டே போனார். பச்சை மறைந்து செம்பழுப்பு ஏறியது, அதற்குள்ளிருந்து புலிக்கோடு மாதிரி வரி வரியாக எழுந்து வந்தது. சுருள் மேப்பிள் என்பார்கள். அந்த வரி மரத்திலேயே இருக்கிறது, வரைந்தது இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாத்தியார் மன்னிக்கணும்.

இதற்குப் பெயர் பூட்டுவதா?

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். "உங்க கிழவர் உழைச்சிருக்கார், சரி. இப்போ சி.என்.சி மெஷின் வெட்டின கிட் வருதே, எல்லாம் டக்கு டக்குனு உட்காருது, அது?" உண்மைதான். இப்போது ஓஹையோவின் கிப்ளர் மாதிரி கடைகள் சி.என்.சி-யில் வெட்டித் தருகிற கட்டையில் குழலும் லாக்கும் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். ஆனால் கட்டையை மெஷின் வெட்டுவது கலிகாலக் கொடுமை என்று நினைத்தால் இன்னொரு செய்தி. தாமஸ் பிளாஞ்சார்டு என்பவர், மாதிரி ஒன்றைத் தடவிப் பார்த்து அதே வளைவில் துப்பாக்கிக் கட்டை வெட்டுகிற லேத்துக்கு 1819-ல் காப்புரிமை வாங்கினார். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதசாலையில் அந்த வகை மெஷின்கள் ஓடின. மெஷின் வெட்டிய துப்பாக்கிக் கட்டைக்கு இருநூறு வயதாகிறது சாமி.

இன்னொன்று, அந்த வில்லியம்ஸ்பர்க் படம். "தி கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்" என்று 1969-ல் வந்தது. வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர், 18-ம் நூற்றாண்டுக் கருவிகளை மட்டும் வைத்து, இரும்புப் பட்டையைச் சுருட்டி அடித்துக் குழல் செய்வதிலிருந்து திருகாணி வரை ஒரு முழு ரைஃபிளைச் செய்து காட்டுவார். பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள், நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். அது பிரமிப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு முழு ஆளால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்று நிரூபித்த படம் அது. எல்லாவற்றையும் செய்யாதவன் எதுவும் செய்யவில்லை என்று நிரூபித்த படம் இல்லை. கூட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமிகள் இந்தப் படத்தைத் தடியாக எடுத்து அடுத்தவன் தலையில் போடுகிறார்கள். அவர்கள் மேசையில் இருந்த ரைஃபிளின் குழல் யார் துளைத்தது என்று கேட்கத் தோன்றியது. மரியாதைக்காகக் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பக்கம் நான் இறங்கி வருகிறேன். ஸ்க்ரூடிரைவரும் உப்புத்தாளும் மட்டும் எடுத்து, ஞாயிறு மதியம் முடித்து, "நானே செய்தேன்" என்று மீசை முறுக்குகிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கும் சிரிப்புதான். முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் சீனியர் விட்டுப்போன வி-ஜாயின்ட்டை வாங்கி, நாலு இழுப்பு அரம் போட்டு மார்க் வாங்கின மகானுபாவர்கள் நம் செட்டிலேயே இல்லையா? (பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.) ஆக, கிட்டா இல்லையா என்று கேட்காதீர்கள். என்ன வந்தது, நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். கேட்கிறவருக்கு அரை நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான் செலவு.

பெயர் போடாமல் விடுவதை அடக்கம் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது, இதைத்தான் கிழவரிடம் கடைசியாகச் சொன்னேன். இவர் குழலைப் பளபளப்பாக விடவில்லை. வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து, பழைய காலம் போலப் பழுப்பு ஏற்றியிருக்கிறார். கட்டையின் ஓரங்களைக் கை பட்டுத் தேய்ந்த மாதிரி மழுக்கியிருக்கிறார். இன்னும் நாற்பது வருடம் கழித்து, இவரும் இல்லை, அந்த அட்டைப்பெட்டியும் இல்லை. பேரன் விற்கிறான். வாங்கினவன் இன்னும் கொஞ்சம் அழுக்கு ஏற்றுகிறான். பெயர் இல்லாத பழைய ரைஃபிள்கள் நிஜமாகவே நிறைய உண்டு. அந்த வரிசையில் இதுவும் ஒன்றாக நுழைந்து, யாரோ ஒருவர் சேமிப்பைக் கொட்டி 1780-ம் வருட ரைஃபிள் என்று வாங்குவார். பொய்யே சொல்லாத மனிதரின் வேலை ஒரு பொய்யாகிவிடும். பெயரும் வருடமும் வெட்டியிருந்தால் அதைத் தேய்த்து எடுக்கிற திருட்டை யாராவது கையால் செய்தாக வேண்டும். வெறும் பட்டையில் அந்த வேலைகூட மிச்சம். "பூட்டினவன் பெயர் போடக்கூடாது" என்று நக்கல் அடிக்கிறவர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே இந்த ஏமாற்றுக்காரனுக்குத்தான் வேலை பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் என் அரைகுறை ஆங்கிலத்தில், சமையலறையில் நின்றுகொண்டு, கையில் தோசைக்கரண்டியோடு சொன்னேன். அவர் கெட்லண்ட் கதைக்கு மட்டும் தலையாட்டினார். பேரன் விற்பான் என்றதும் "அவன் நிச்சயம் விற்பான்" என்றார்.

போன சனிக்கிழமை பேஸ்மென்டில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். செதுக்கு ஊசி டப்பாவிலிருந்து வெளியே வந்திருந்தது. ஒரு பித்தளைத் துண்டில் எழுத்து வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அவர் பெயரில் இரண்டு ஆர் வருகிறது. ஆரின் வால் ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு போகிறதாம். இன்னும் ஒரு மாதமாவது பழகணும் என்றார். என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னார்.